குதிரைக்குச் சான்றிதழ் உண்டு, விழுகிறவருக்கு?

தமிழ்ப் படம் தொடங்கும்போது கதைக்கு முன்னால் சில வாசகங்கள் திரையில் வந்து போகின்றன. புகையும் மதுவும் உடல்நலத்துக்குக் கேடு என்று ஒன்று. படப்பிடிப்பில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று இன்னொன்று. இந்த இரண்டாவது வாசகத்தை யாரும் நினைத்த மாத்திரத்தில் போட்டுக்கொள்ள முடியாது. என்ன விலங்கு, எத்தனை, எந்தக் காட்சியில், என்ன செய்யப் போகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி இந்திய விலங்கு நல வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். படம் முடிந்தபின் வாரியத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அது கைக்கு வராமல் தணிக்கைக் குழு படத்துக்குச் சான்றிதழ் தருவதில்லை. ஒரு குதிரை சில விநாடிகள் ஓடினாலும் இந்தத் தாள்கள் எல்லாம் தேவை. ஆனால் அந்தக் குதிரையின் முதுகிலிருந்து உருண்டு விழும் சண்டைக் கலைஞரைப் பற்றித் தணிக்கைக் குழு ஒரு தாளும் கேட்பதில்லை. அவர் எந்த உயரத்திலிருந்து விழுந்தார், கீழே என்ன விரித்திருந்தது, ஆம்புலன்ஸ் நின்றதா என்று கேட்கும் அதிகாரி ஒருவரும் அந்த வழியில் இல்லை. குதிரைக்குக் கிடைத்த பாதுகாப்பு நியாயமானது, காக்கப்பட வேண்டியது. அதே கதவு மனிதருக்கு ஏன் அமைக்கப்படவில்லை என்பதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் முதலில் பார்வையாளர் காப்பாற்றப்பட்டார், பிறகு முதலாளியின் சரக்கும் கட்டடமும் காப்பாற்றப்பட்டன, பிறகு விலங்கு. படம் எடுக்கிற தொழிலாளி இன்னும் வரிசையில் நிற்கிறார். சினிமா இயல்பிலேயே ஆபத்தான தொழில், அதனால்தான் இப்படி என்ற விளக்கம் இந்த வரலாற்றுக்கு முன் நிற்காது.

சினிமா பிறந்தபோதே தீயோடுதான் பிறந்தது. ஆரம்பகாலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவான அந்தப் பொருள் எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஒருமுறை பற்றிக்கொண்டால் மணல் போட்டு மூடினாலும் எரியும், தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். 1897 மே 4 அன்று பாரிஸில் ஓர் அறக்கொடைச் சந்தையில் படம் காட்டிய கருவியின் ஈதர் விளக்கிலிருந்து தீப்பிடித்து 120 பேருக்கு மேல் இறந்தார்கள். லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டத் தொடங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. பிரிட்டன் 1909-ல் சினிமாட்டோகிராஃப் சட்டம் கொண்டுவந்ததற்கு எரியும் படச்சுருள்தான் காரணம். அதை ஒட்டி இந்தியாவில் 1918-ல் வந்த சட்டமும் கொட்டகையின் பாதுகாப்பையும் படத்தின் தணிக்கையையும் ஒரே மூச்சில் பேசியது. ஆபரேட்டர் அறை தீப்பிடிக்காத பொருளால் கட்டப்பட வேண்டும், ஆபரேட்டருக்கு உரிமம் வேண்டும், வாசல்கள் இத்தனை வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. தமிழ்நாட்டில் கீற்றுக் கொட்டகையில் படம் பார்த்த தலைமுறைக்கு, வரிசையாகத் தொங்கிய சிவப்பு வாளிகளும் அவற்றில் நிரப்பியிருந்த மணலும் நினைவிருக்கும். ஊர்க்கோடியில் கித்தானும் கீற்றும் போட்டுக் கட்டிய டூரிங் டாக்கீஸிலும் அந்த வாளி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது. மிக ஏழ்மையான கொட்டகைக்காரரும் அதை வாங்கி மாட்டினார். அதற்காகப் படம் காட்டும் தொழில் அழியவில்லை.

அதே படச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்தவர்கள் நிலை என்ன? தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசகவத'த்தைப் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் எடுத்த நடராஜ முதலியார், தீ விபத்தில் மகனைப் பறிகொடுத்து, வேறு சிக்கல்களும் சூழ, 1923 வாக்கில் தொழிலையே விட்டு விலகினார். நம் சினிமாவின் முதல் பக்கத்திலேயே ஒரு சாவு இருக்கிறது. முதல் படத்தின் தேதி குறித்து ஆய்வாளர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இந்தச் சாவு ஒரு வரித் தகவலாகவே நின்றுவிட்டது. கே. சுப்பிரமணியம் மவுண்ட் ரோட்டில் நடத்திய ஸ்டுடியோ தீக்கிரையானது. ஏலத்துக்கு வந்த அந்த இடத்தை வாங்கித்தான் எஸ்.எஸ். வாசன் ஜெமினி ஸ்டுடியோவை நிறுவினார். தமிழ் சினிமாவின் மாபெரும் நிறுவனம் ஒன்று சாம்பல் மேல் எழுந்தது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு அன்று, சொத்துப் பத்திரம் சொல்லும் உண்மை. நைட்ரேட் ஆபத்து கடைசியில் ஒழிந்தது எப்படி என்பதுதான் முக்கியம். தொழிலாளிகள் கவனமாக இருக்கக் கற்றுக்கொண்டதால் ஒழியவில்லை. எளிதில் பற்றாத அசிடேட் சுருளைப் பெரிய அளவில் தயாரிக்க முடிந்ததும், கோடாக் 1950களின் தொடக்கத்தில் நைட்ரேட் உற்பத்தியையே நிறுத்தியது. ஆபத்து பொருளிலேயே இருந்தது. பொருளை மாற்றியதும் ஆபத்து போயிற்று. அரை நூற்றாண்டாகத் 'தொழில்னா இதெல்லாம் இருக்கும்' என்று ஏற்கப்பட்ட ஒன்று சில ஆண்டுகளில் காணாமல் போனது.

பேசும்படம் வந்ததும் ஸ்டுடியோவின் உள்ளே வேறு வகை ஆபத்துகள் சேர்ந்தன. வெளிச்சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று கதவுகளை அடைத்தார்கள். 'சைலன்ஸ்' என்று குரல் எழுந்ததும் மின்விசிறிகள் நின்றன. மேலே, செட்டுக்கு மேல் கட்டித் தொங்கவிட்ட பலகைப் பரண்களில், விளக்குகளுக்குப் பக்கத்திலேயே லைட்மேன்கள் உட்கார்ந்திருந்தார்கள். கார்பன் ஆர்க் விளக்கு இரண்டு கரிக்குச்சிகளுக்கு இடையே மின்பொறி பாய்வதால் எரிவது. குச்சிகள் எரிந்து தேயத் தேய அவற்றை நெருக்கிவிட்டுக்கொண்டே இருக்க ஓர் ஆள் விளக்கை விட்டு நகராமல் நிற்க வேண்டும். புகை, வெப்பம், கண்ணைப் பழுக்கவைக்கும் புறஊதாக் கதிர் மூன்றும் அவருக்கே. ஹாலிவுட்டில் 1920களிலேயே இந்தக் கண் நோய்க்கு அந்த விளக்கின் பெயரையே வைத்து மருத்துவர்கள் எழுதினார்கள். சூடேறிய கூரையடியில் வேர்த்து ஒழுகியபடி மின்கம்பிகளுக்கு நடுவே வெறுங்காலோடு நடப்பது எத்தனை ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. ஆகவே ஸ்டுடியோக் காலத்தைப் பொற்காலமாக நான் காட்ட வரவில்லை. ஆனால் அந்த அமைப்பில் இன்று இல்லாத ஒன்று இருந்தது. ஜெமினி, ஏவி.எம்., வாகினி போன்றவை மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்த நிறுவனங்கள். தச்சர், மின்பணியாளர், கேமரா உதவியாளர், நடனக் குழு எல்லோருக்கும் ஒரு வருகைப் பதிவேடு, ஒரு மேற்பார்வையாளர், ஒரு முதலாளி. பரணின் பலகை முறிந்தால் அது யாருடைய பலகை என்ற கேள்விக்கு விடை இருந்தது. மறுநாளும் அதே பரணில் ஏறப் போவது அதே ஆள்தான் என்பதால் பழுதான பலகையை மாற்றக் காரணமும் இருந்தது.

இந்த அமைப்பு 1970களில் உடைந்தது. ஜெமினி படத்தயாரிப்பை நிறுத்தியது. காலப்போக்கில் வாகினி வளாகம் மருத்துவமனையும் வணிக வளாகமும் ஆனது. 1977-ல் '16 வயதினிலே' வந்தபின் கேமரா கிராமத்துக்கும் மலைக்கும் ஆற்றங்கரைக்கும் போனது. தமிழ் சினிமாவின் கலை வரலாற்றில் இது விடுதலைக் கணம் என்று கொண்டாடப்படுகிறது, சரியான கொண்டாட்டம்தான். வேலை வரலாற்றில் அதே கணத்தில் நடந்தது வேறு. படம் எடுப்பது ஒரு நிறுவனத்தின் வேலையாக இருந்தது போய், பலரிடமிருந்து வாடகைக்கு எடுத்துக் கூட்டிச் சேர்க்கும் வேலை ஆயிற்று. கேமரா ஒரு கம்பெனியிடமிருந்து வரும். லைட்டும் ஜெனரேட்டரும் அவுட்டோர் யூனிட்டிலிருந்து அவர்களுடைய ஆட்களோடு வரும். சண்டைக் கலைஞர்களை ஸ்டண்ட் மாஸ்டர் அழைத்துவருவார். துணை நடிகர்களை ஏஜெண்ட் கூட்டிவருவார். கிரேனை வேறு ஒருவர் வாடகைக்கு விடுவார், அதே கிரேன் போன வாரம் கட்டட வேலையில் இரும்பு தூக்கியிருக்கும். எல்லோருக்கும் நாள் கணக்கில் கால்ஷீட், பேட்டா. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், வங்கத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் போன்றவர்கள் 1950களில் தொழிற்சங்கங்களைக் கட்டி, அவற்றைப் பெப்சி என்ற கூட்டமைப்பாகச் சேர்த்திருந்ததால், இந்தச் சிதறலிலும் ஊதியமும் வேலை நேரமும் ஓரளவு எழுத்தில் நின்றன. எட்டு மணி நேரத்துக்கு ஒரு கால்ஷீட், அதற்கு மேல் போனால் ஒன்றரை என்ற கணக்கைத் தமிழ்நாட்டின் எந்த மூலையில் படப்பிடிப்பு நடந்தாலும் எல்லோரும் அறிவார்கள். எழுத்தில் வந்தது நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கயிற்றைச் சோதிப்பது யார், கிரேன் ஏற்கும் எடையைக் கணக்கிடுவது யார் என்பது அப்படி எழுத்தில் வரவில்லை. ஆகவே அது யாருடைய வேலையும் ஆகவில்லை.

ஸ்டுடியோவுக்குள் நடந்த பெரும் விபத்து ஒன்றே இந்த வாதத்தை முறியடிக்கிறதே என்று கேட்கலாம். 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில், 'திப்பு சுல்தானின் வாள்' தொலைக்காட்சித் தொடருக்கான அரங்கில் தீப்பிடித்து 62 பேர் மாண்டார்கள். நாயகனும் இயக்குநருமான சஞ்சய் கான் கடுமையான தீக்காயங்களோடு பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார். தெற்கே நடந்த படப்பிடிப்பு விபத்துகளில் இதைப் போல் கொடியது இல்லை. நான்கு சுவரும் கூரையும் இருந்த இடம்தான் அது. ஆனால் அங்கே நடந்ததை உற்றுப் பாருங்கள். சத்தத்தைத் தடுக்கச் சுவரில் சாக்குத் துணி; தளர்வான மின்கம்பிகள்; காற்று போக வழியில்லாத அரங்கம்; கூட்டம் கூட்டமாகத் துணை நடிகர்கள்; வெளியே ஓடப் போதுமான வழி இல்லை; தீயணைப்புக் கருவி இல்லை. 1989-ல் ஸ்டுடியோ என்பது பழைய பொருளில் ஸ்டுடியோ அன்று. வாடகைக்கு விடப்பட்ட தளம். தளத்தின் உரிமையாளர் ஒருவர், செட் போட்டவர் வேறொருவர், படம் எடுத்தவர் இன்னொருவர். சுவர் இருந்தது, சுவருக்குப் பொறுப்பானவர் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே நாளில் அதே மைசூரில் ஒரு திரையரங்கம் வாசலைக் குறைத்து, சாக்கைச் சுவரில் ஒட்டி, தீயணைப்பு வாளி இல்லாமல் படம் காட்டியிருந்தால் அதன் உரிமம் போயிருக்கும். படம் பார்க்கிறவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்ட பாதுகாப்பு, அந்தப் படத்தை எடுக்கிறவருக்குக் கிடைக்காததால் அந்த 62 பேர் இறந்தார்கள்.

ஸ்டுடியோவுக்கு வெளியேயும் இதே நிலைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் 1980 நவம்பர் 16 அன்று மலையாள நடிகர் ஜெயன் இறந்தார். 'கோளிளக்கம்' படத்தின் உச்சக்காட்சியில், பறக்கும் ஹெலிகாப்டரின் அடிச்சட்டத்தைப் பிடித்துத் தொங்கிச் சண்டை போட வேண்டும். டூப் போடாமல் அவரே செய்தார். நிலை தடுமாறிய ஹெலிகாப்டர் தரையில் மோதியது. முதலில் எடுத்ததே போதும் என்று இயக்குநர் சொல்லியும் ஜெயன்தான் இன்னொரு முறை எடுக்கக் கேட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. இரண்டு ஆண்டு நிறைவதற்குள், 1982 ஜூலை 23 அன்று கலிஃபோர்னியாவில் 'ட்விலைட் சோன்' படப்பிடிப்பில், வெடியின் தாக்கத்தால் ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். அந்தக் குழந்தைகள் சட்டத்துக்குப் புறம்பாக நள்ளிரவுக்குப் பின் வேலைக்கு அழைத்து வரப்பட்டவர்கள். இயக்குநர் உள்ளிட்ட ஐவர் மீது வழக்கு நடந்து, 1987-ல் எல்லோரும் விடுதலையானார்கள். ஆகவே அங்கே நீதி கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை என்று சொல்ல இடமில்லை. வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் தயாரிப்பாளர்களும் சங்கங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஹெலிகாப்டருக்கு, துப்பாக்கிக்கு, வெடிக்கு, நீருக்கு என்று தனித்தனிப் பாதுகாப்புக் குறிப்புகளை எழுதினார்கள். ஹெலிகாப்டரின் அருகே யார் நிற்கலாம், விமானி மறுத்தால் அவர் சொல்லே முடிவு என்பதெல்லாம் தாளில் ஏறின. அவற்றை மீறியதால் 2021-ல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஒருவர் நிஜத் தோட்டாவுக்குப் பலியானார் என்பதும் உண்மை. ஆனால் எந்த விதி மீறப்பட்டது என்று மறுநாளே உலகத்தால் சொல்ல முடிந்தது. ஆயுதப் பொறுப்பாளர் சிறைக்குப் போனார். ஜெயனுக்கு நம்மிடம் இருப்பது வீரக்கதை. அந்தக் கதையில் தவறு செய்தவர் இல்லை, மீறப்பட்ட விதியும் இல்லை. துணிச்சலான மனிதர், கெட்ட நேரம் என்று அது முடிந்துபோகிறது.

அந்த வெற்றிடத்தை நாற்பது ஆண்டு கழித்து எல்லோரும் பார்த்தார்கள். 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லியை அடுத்த ஈவிபி பிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' தளத்தில் ராட்சத விளக்குகளைத் தாங்கிய கிரேன் சரிந்து, கீழே கூடாரத்தில் இருந்தவர்கள் மேல் விழுந்தது. உதவி இயக்குநர் ஒருவர் உட்பட மூவர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் நாயகன் கமல்ஹாசன் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிய கடிதமும் நிறுவனத்தின் பதிலும் செய்தித்தாள்களில் வந்தன. பாதுகாப்பையும் காப்பீட்டையும் நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும் என்றது முதல் கடிதம். படப்பிடிப்பு முழுவதும் உங்கள் மேற்பார்வையிலும் இயக்குநரின் கட்டுப்பாட்டிலும்தானே நடந்தது, பொறுப்பு எல்லோருக்கும் உரியது என்றது பதில். தமிழ்ப் படத்தொழில் தன்னைப் பற்றி எழுதிய ஆவணங்களில் இவ்விரண்டு கடிதங்களுக்கும் முக்கிய இடம் தர வேண்டும். பல கோடி ரூபாய் முதலீடு, நாட்டறிந்த நடிகர், நாட்டறிந்த இயக்குநர், பெரும் நிறுவனம் எல்லாம் கூடிய தளத்தில், கிரேன் விழுந்த பிறகு, அது யார் பொறுப்பு என்று பேச வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை; விடை முன்கூட்டி எழுதப்படாத கேள்வி அது. அதன் பிறகும் 2022 டிசம்பரில் 'விடுதலை' தளத்தில் கயிறு அறுந்து ஒரு சண்டைக் கலைஞர் இறந்தார். 2024 ஜூலையில் 'சர்தார் 2' தளத்தில் சுமார் இருபதடி உயரத்திலிருந்து விழுந்து இன்னொருவர். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படத்துக்காகக் காரைச் சரிவுப் பலகையில் ஏற்றிப் புரட்டும் காட்சியில் மற்றொருவர். கயிறு, உயரம், வாகனம். மூன்றும் பொறியியல் கணக்குக்கு அடங்குபவை. கயிறு எத்தனை கிலோ தாங்கும், எத்தனை முறை பயன்படுத்தியபின் கழிக்க வேண்டும் என்பதற்கு மற்ற தொழில்களில் அட்டவணைகள் இருக்கின்றன.

சண்டைக் கலைஞர்கள் ஆபத்தை அறிந்தேதான் வருகிறார்கள், அந்தத் துணிச்சல்தான் அவர்கள் பெருமை, அதை ஏன் சட்டத்தால் கட்ட வேண்டும் என்று திரைத்துறையில் உள்ள நல்ல மனிதர்களே கேட்பதுண்டு. துணிச்சல் உண்மை. தலைமுறை தலைமுறையாகக் குதிரையேறவும் சிலம்பம் சுற்றவும் கற்ற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுடைய உடற்கலையைக் குறைத்துப் பேசுவது பாவம். ஆனால் நாள் சம்பளக்காரர் ஒருவர், ஐந்து கேமராக்கள் ஓடத் தயாராக நிற்க, பெரிய நடிகரின் கால்ஷீட் முடியப் போக, வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்க, 'மாஸ்டர், இந்த ரோப் சரியா இல்லீங்க' என்று சொல்ல முடியுமா? சொன்னால் அந்த ஷாட்டை வேறொருவர் செய்வார். அடுத்த படத்துக்கு அழைப்பும் அந்த வேறொருவருக்கே போகும். மறுத்தால் வேலை போகாது என்ற உறுதி உள்ள இடத்தில்தான் ஒப்புதலுக்குப் பொருள் உண்டு. படப்பிடிப்பின் முதல் நாளில் பூஜை போடுவதும், முடிவில் பூசணிக்காய் உடைப்பதும், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைப்பதும் இந்தத் தொழிலாளர்கள் ஆபத்தை எவ்வளவு தெளிவாக உணர்ந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகின்றன. அச்சத்தைச் சொல்ல அவர்களுக்கு வேறு இடம் தரப்படவில்லை என்பதையும் காட்டுகின்றன.

செலவு கூடும், சிறு படங்கள் செத்துவிடும், கலைக்குக் கை கட்டப்படும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. இதற்கு விடை விலங்குகளின் வரலாற்றில் இருக்கிறது. சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் மாநிலங்களவையில் விலங்கு வதைத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் வழியாக 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அவர் தலைமையில் விலங்கு நல வாரியம் அமைந்தது. அதன் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையிலேயே இருந்தது. படங்களில் மாடு முட்டுவதும் குதிரை கால் தடுக்கி விழுவதும் சாதாரணமாக இருந்த காலத்தில், விலங்கைக் கேட்டுக்கொண்டு படம் எடுக்க முடியுமா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2001-ல் காட்சிக்குப் பயன்படும் விலங்குகளைப் பதிவு செய்யும் விதிகள் வந்தன; பின்னர் தணிக்கைச் சான்றிதழோடு வாரியத்தின் சான்று பிணைக்கப்பட்டது. அதன் பிறகு பெரிய படம், சிறிய படம் எல்லாமே இணங்கின. சிலர் விலங்குகளைக் கணினியில் உருவாக்கினார்கள், சிலர் கதையை மாற்றினார்கள், சிலர் அனுமதி வாங்கிப் பக்குவமாகப் படம் எடுத்தார்கள். ஜல்லிக்கட்டு மண்ணிலிருந்து வரும் படங்களும் நிற்கவில்லை. மனிதர் விஷயத்திலும் தொழில்நுட்பம் உதவக் காத்திருக்கிறது. 1991-ல் 'டெர்மினேட்டர் 2' படத்தில் மோட்டார் சைக்கிள் கால்வாய்க்குள் பாயும் காட்சியில் அதைத் தாங்கியவை கனமான கேபிள்கள். பிறகு அவற்றைக் கணினியில் அழித்தார்கள். கேமராவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக மெல்லிய கம்பியை நம்பித் தொங்க வேண்டிய காலம் அன்றே முடிந்தது. கணினி வரைகலைக்குக் கோடிகள் ஒதுக்கும் தயாரிப்புகளில் இன்னும் கயிறு அறுகிறது என்றால், பணமில்லை என்ற காரணத்தை ஏற்க முடியாது. இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் 2017 முதல் பல நூறு சண்டைக் கலைஞர்களுக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்து வருவது பாராட்டத்தக்க செயல். ஆனால் ஒரு நடிகரின் நல்ல மனத்தை நம்பி ஒரு தொழில் நடக்க வேண்டியிருப்பதே அந்தத் தொழிலின் நிலையைச் சொல்லிவிடுகிறது. காப்பீடு விபத்துக்குப் பின் குடும்பத்துக்குப் போய்ச் சேரும். அதற்கு முன் கயிற்றைப் பார்க்க ஆள் வேண்டும்.

விபத்து என்றால் செய்தியாகிறது. நோயும் களைப்பும் செய்தியாவதில்லை. கேரள அரசு 2017-ல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019-ல் அரசிடம் போய், 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அதில் பாலியல் சுரண்டல் பற்றிய பகுதிகளையே எல்லோரும் படித்தார்கள், படிக்க வேண்டியதும்தான். அதே அறிக்கையில், வெளிப்புறப் படப்பிடிப்பில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாததால் பெண்கள் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், அதனால் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு ஆளாவதும் பதிவாகியிருக்கிறது. நடிகைக்குக் கேரவன் நிற்கும் தளத்திலேயே துணை நடிகைக்கு ஒரு மறைப்பு இல்லை. இந்த நிலைமை கேரள எல்லையோடு நின்றுவிடுவதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

சட்டம் இவர்களை மறந்தே போனது என்றும் சொல்ல முடியாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், சினிமாப் படம் தயாரிப்பதிலும் காட்டுவதிலும் வேலை செய்பவர்கள் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு அடுத்த வரி யானைகளையும் காட்டு விலங்குகளையும் பழக்குபவர்கள். அதற்கும் அடுத்தது பனை ஏறுபவர்கள், மரம் வெட்டுபவர்கள். அட்டவணையை எழுதியவர்களுக்குச் சினிமா எந்த வகை வேலை என்பது தெரிந்தே இருந்தது. 1981-ல் சினிமாத் தொழிலாளர்களுக்கென்றே சட்டங்கள் வந்தன. எழுத்து மூலமான ஒப்பந்தம், தகராறுக்குத் தீர்ப்பாயம், வைப்பு நிதி, நல நிதி என்று அவை போயின. தளத்துக்கு வந்து பாதுகாப்பைச் சோதிப்பவர் யார் என்பதற்கு அவற்றில் அத்தியாயம் இருக்கவில்லை. இழப்பீடும் நல நிதியும் இறந்தபின் பேசுபவை. நூறாண்டாக நம் சட்டம் திரைத் தொழிலாளியிடம் பெரும்பாலும் அவருடைய மரணத்துக்குப் பிறகே பேசியிருக்கிறது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, உடல்நலம், வேலைச் சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சினிமாவோடு தொலைக்காட்சி, இணையத் தொடர் ஆகியவற்றின் தொழிலாளர்களும் ஒலி-ஒளித் தொழிலாளர் என்ற பெயரில் அதற்குள் வருகிறார்கள். ஆபத்தில்லாத வேலையிடம் தருவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. படப்பிடிப்பில் முதலாளி யார் என்று அது பெயர் சொல்லிக் காட்டுமா என்பது விதிகளில்தான் இருக்கிறது.

ஆகவே தமிழ்நாடு அரசிடமும், பெப்சியிடமும், தயாரிப்பாளர் சங்கத்திடமும் கேட்க வேண்டியது ஒன்றே. உயரம், வாகனம், தீ, நீர், கிரேன் ஆகியவை உள்ள ஒவ்வொரு காட்சிக்கும், சோதித்தவர் பெயரும் கையெழுத்தும் உள்ள ஒரு பாதுகாப்புத் தாள் படப்பிடிப்புக்கு முன்பே எழுதப்பட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காரருக்கு ஷாட்டை நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும். அந்தத் தாள்கள் இல்லாத படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடையாது என்று ஒன்றிய அரசை விதி செய்யவைக்க வேண்டும். குதிரைக்காகத் திறந்த கதவு அது. அதே கதவில் மனிதருக்காக இன்னொரு தாளைச் சேர்க்கப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது, விதித் திருத்தம் போதும். அடுத்த படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.